விலைக்குக் கிடைக்காத இசைத்தட்டுகள்

அந்த இசைத்தட்டின் அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் பலகைமேல் நின்றபடி அலையில் வழுக்கிக்கொண்டு வருவான். மூலையில் ஒரு பெட்ரோல் கம்பெனியின் முத்திரை, அதன் கீழே ‘விற்பனைக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில். எழுபதுகளில் நான் பழவேற்காட்டுக்கு மருமகளாக வந்தபோது, என் வீட்டுக்காரரின் பெட்டியில் துணிமணியைவிட இந்தத் தட்டுகள்தான் அதிகம். அறுபதுகளில் அமெரிக்காவில் பெட்ரோல் போட்டவனுக்கும் சோடா வாங்கியவனுக்கும் விளம்பரத்துக்காகச் சும்மா கொடுத்தவையாம். ஒவ்வொன்றிலும் ஊர்பேர் தெரியாத பல குழுக்களின் கிதார் வாசிப்பு, எல்லாம் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்காக. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த மனுஷர், துறைமுகம் துறைமுகமாகப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியிருந்தார். “கடையில விக்கிறத எவன் வேணா வாங்கலாம். இது தேடுறவனுக்குத்தான் கெடைக்கும் புள்ள” என்று பெருமை வேறு.

இனிமேல் கப்பல் ஏறமாட்டேன் என்று என் வாப்பாவிடம் வாக்குக் கொடுத்துத்தான் என்னை நிக்காஹ் செய்தார். ஆனாலும் தட்டு சுழல ஆரம்பித்தால் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். காலை ஆட்டிக்கொண்டே மனசால் எங்கேயோ போய்விடுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் பிடித்து மெட்ராஸ் மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளில் தட்டு தேட ஓடுவார். என்றைக்காவது இந்தப் பாட்டே அவரைக் கப்பலுக்கு இழுத்துப் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பலகைக்காரன்தான் எனக்குச் சக்களத்தி.

பக்கத்து லைட்ஹவுஸ் குப்பத்து மீன்காரம்மா ஒருநாள் அந்த அட்டையைப் பார்த்தாள். “வலையும் இல்லாம மீனும் இல்லாம சும்மா அலைல போயி சும்மா வருவானா? இன்னா பொழப்பும்மா இது!” என்று கூடையை இறக்கிவைத்துச் சிரித்தாள்.

ஒரு வருஷம் அடைமழை. ஏரிக் காற்றில் தலையணை முதல் தட்டுகள்வரை எல்லாம் பூசணம். எங்கள் பக்கம் எது ஈரப்பட்டாலும், வெயில் தலைகாட்டியதும் மணலில் காயப்போடுவதுதான் வழக்கம். இவரும் தட்டுகளைக் கழுவி, குப்பத்து மணலில், நெத்திலிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினார். கையில் குச்சியோடு காக்காய் விரட்டினார். மீன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: “பாட்டக் கூடவா காக்கா தின்னும்?” காக்காய் தின்னவில்லை. உச்சிவேளைக்குள் அத்தனையும் அப்பளமாய் நெளிந்துவிட்டன. குச்சியைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பாவம் என்றுதான் இருந்தது. ஆனாலும், அப்பாடா, இனிக் கப்பல் நினைப்பு ஒழிந்தது என்று நினைத்தேன். எங்கே ஒழிந்தது! மனுஷருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் கடற்கரை, போனதும் திரும்பி வருவார், வந்ததும் மறுபடி போவார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரு காலையில் பரண்மேலிருந்த கப்பல் பெட்டியை இறக்கித் துடைத்தார். “ஒரே ஒரு தபா போயிட்டு வந்துர்றேன் புள்ள.” எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தட்டுகள் அவரைக் கடலுக்கு இழுக்கவே இல்லை. இத்தனை நாளும் வீட்டில் பிடித்துவைத்திருந்ததே அவைதான்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க” என்று மட்டும் சொன்னேன். மறுநாளே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக மெட்ராஸ் பஸ் ஏறினேன்.

“இன்னா படத்துப் பாட்டும்மா வேணும்?” என்றார் மூர் மார்க்கெட் கடைக்காரர்.

“படம் இல்லீங்க. விக்கிறதுக்கு இல்லாத தட்டு.”

“விக்கிறதுக்கு இல்லாதத வாங்கவா வந்த?” என்று அவர் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று கடை கடையாக மூட்டைகளைக் கிளறினேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ‘விற்பனைக்கு அல்ல’ என்ற அந்த எழுத்துகளின் வடிவம் மட்டும் தெரியும். சாயங்காலம், மூட்டையின் அடியில் அட்டைகூட இல்லாத ஒரு தட்டில் அதே எழுத்துகள்.

வீட்டில் அதைப் போட்டதும் கிதார் சடசடவென்று இறங்கியது. அவர் கண் கலங்கியிருந்தது. மெதுவாகக் கால் ஆட ஆரம்பித்தது. ஆடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் அவர் எழுந்து பெட்டியைத் தானே பரணில் ஏற்றினார்.

அந்த வெள்ளிக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குக் கிளம்ப அவர் சட்டை மாட்டுவதற்குள் நான் செருப்பு மாட்டிவிட்டேன். இன்றைக்கும் எந்த ஊரிலாவது பழைய தட்டு கிடக்கிறது என்று காதில் விழுந்தால், எனக்குத்தான் கால் நிற்பதில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.