கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ஜுலைகா எழுதி வைத்தது

"அந்தப் பலகையைக் கழட்டுங்க" என்றார் ஜினோ. ஊட்டி மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாட்டுக் கச்சேரி நடத்தப்போகும் கம்பெனியின் ஆள்.

மைதான வாசலுக்கு எதிரே ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜுலைகா அக்கா, குல்லாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, அதுல பொய் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"படிச்சுட்டு ஜனங்க பயப்படறாங்க."

"பயப்படட்டும். பயந்தாத்தான் போத்திக்கிட்டு வருவாங்க."

"அதானே! உங்க ஸ்வெட்டர் விக்க எங்க ஷோவைக் கெடுக்கறீங்க."

"தம்பி, மொத வரியைப் படிங்க. 'ஸ்வெட்டர் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள்.' கடைக்காரி எழுதற பேச்சுங்களா அது?"

ஜினோ சிரிக்கவில்லை. "கழட்டலைன்னா தடுப்புத் தகரம் உங்க கடையை ஒட்டி வரும். ரெண்டு நாளும் ஒருத்தரும் உள்ள வர முடியாது."

"அடிச்சுக்கோங்க."

கடைக்கு மேல்மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். அக்காவிடம் மொட்டைமாடிச் சாவி வாங்க இறங்கியவள், இதையெல்லாம் படியிலேயே நின்று கேட்டேன்.

ஸ்வெட்டர் வரிக்குக் கீழே பலகையில் இருந்தது இவ்வளவுதான். மைதானம் பள்ளத்தில் இருக்கிறது, பொழுது சாய்ந்தால் குளிர் அங்கேதான் வந்து தங்கும். மூடுபனி இறங்கினால் முன்வரிசைக்குக்கூட மேடை தெரியாது. பிளாஸ்டிக் பாட்டிலைச் செக்போஸ்டிலேயே வாங்கிவிடுவார்கள். கச்சேரி முடியும்போது கீழே போகப் பஸ் இருக்காது, தங்க இடம் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

போன வருஷக் கச்சேரிக்கு மறுநாள் காலை அக்கா கடை திறக்க வந்தபோது, கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிடைக்காதவள். "கதவுக்கு அந்தப் பக்கம் கட்டுக்கட்டா ஸ்வெட்டர், கண்ணு. இந்தப் பக்கம் புள்ளைக்கு ஒதடு நீலம் பாரிச்சுக் கெடக்குது" என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். குழந்தை பிழைத்துக்கொண்டது. பலகை அன்றே மாட்டப்பட்டது.

அக்கா பந்தலூரில் பிறந்தவர். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்ததும் ஏரிக்கரையில் தள்ளுவண்டியில் குல்லா விற்றார். விரட்டும்போதெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார், மறுநாள் அதே மரத்தடியில் நிற்பார். இந்தக் கடை அப்படி வந்தது. கச்சேரி நாள் வியாபாரம் போனால் மழைக்காலத்தை ஓட்டுவது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும்.

கணவர் ரஹ்மத்துல்லா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு நாளைக்குத்தானே? கழட்டி உள்ள வெச்சா என்ன?"

"கழட்டுங்க. அப்புறம் சோத்தையும் நீங்களே ஆக்கிக்கோங்க."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

சொன்னபடியே சனிக்கிழமை தகரம் வந்தது. கடையும் பலகையும் அதற்குப் பின்னால் மறைந்தன. உள்ளே போக ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடைவெளிதான். அன்று ஒரு குல்லாகூட விற்கவில்லை. மூடுபனியும் வரவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

ஞாயிறு காலை ஜினோ அந்த இடைவெளியில் தலையை நீட்டினார். "எங்கீங்கக்கா உங்க மிஸ்ட்?"

"அது என் ஊட்டு நாயிங்களா, கூப்பிட்டதும் வர்றதுக்கு? பஸ்ஸு இருந்துச்சுங்களா, அதைச் சொல்லுங்க."

ஜினோ தலையை இழுத்துக்கொண்டார். விடிந்து பால் வாங்கப் போனபோது நானே பார்த்திருந்தேன்: பஸ் ஸ்டாண்டில் கச்சேரிக்கு வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அரைக்கைச் சட்டை.

அவர் போனதும் அக்கா பெயின்ட் டப்பாவோடு வெளியே வந்து, தகரத்தை மேலும் கீழும் பார்த்தார். பழைய பலகையைப் போலப் பத்து மடங்கு அகலம், பளபளவென்று, வருகிறவர்கள் எல்லாருடைய கண்ணிலும் படும்படி ரோட்டைப் பார்த்து நின்றது. பலகையில் இருந்ததையெல்லாம் அதில் தமிழில் பெரிதாக எழுதி முடித்துவிட்டு மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் இறங்கி வந்ததும் பிரஷ்ஷை என் கையில் திணித்தார்.

"பெங்களூருக்காரங்களும் வர்றாங்க கண்ணு. மிச்ச எடத்துல இங்கிலீஷ்ல எழுதிக் குடு. 'ப்ளீஸ்' மட்டும் போட்டுறாதே."