சுண்டுவிரல் கட்டு

இன்று காலை வாக்களித்துவிட்டு வரும்போது இடது சுண்டுவிரலில் பூசிய மையின் காரமான மணம், இப்போது போன் கடையாகிவிட்ட எங்கள் கரவெட்டி வாசிகசாலைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அங்கே உட்கார இரண்டு நீள மர வாங்குகள்: ஒன்றில் வெள்ளை வேட்டியும் பிளாஸ்க் தேநீருமாக அப்பாவின் கட்சிக்காரர், எதிரே இடுப்பில் சாரமும் வாயில் பீடியுமாக மற்றக் கட்சிக்காரர். ஒருமுறை அப்பாவின் கட்சி தேர்தலைப் பகிஷ்கரித்தது. வாக்களிப்பவன் மானங்கெட்டவன் என்று அந்த வாங்கு ஒரு மாதமாக முழங்கியது. தேர்தலுக்கு மறுநாள் எதிர் வாங்குக்காரர் மை பூசிய விரல்களால் பத்திரிகை புரட்ட, அப்பாவின் சுண்டுவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தது.

"விரலுக்கு என்ன நடந்தது, மாஸ்டர்?" என்றார் எதிரே இருந்தவர்.

"கதவு இடுக்குக்கை நெரிஞ்சு போச்சு."

பிறகுதான் பார்த்தேன், அப்பாவின் வாங்கில் இருந்த ஐந்து பேருக்கும் அதே விரலில் அதே கட்டு. ஒரே நாளில் எல்லா வீட்டுக் கதவுகளும் எப்படி நெரித்தன என்று அன்று குழம்பினேன். நான் வளர்ந்தபின் அது விளங்கிவிட்டது. அவர்களின் கட்சி நிற்காத அந்தத் தேர்தலில் எதிர் வாங்குக் கட்சிதான் வென்றது. அப்பா யாருக்குப் போட்டார் என்பதுதான் இன்றும் விளங்கவில்லை.