கழுத்து நிமிராத மாமா விட்ட காத்தாடி

வறுத்த உப்பை மூட்டை கட்டி முதுகில் வைத்தால் துணி லேசாகக் கருகி ஒரு வாடை வரும். பட்டணத்துக்குப் பேசும் படம் வந்துவிட்டது, திரையில் நிற்கிற ஆள் வாயைத் திறந்து பாடுகிறானாம் என்று மயிலாப்பூரே வாய் பிளந்து கிடந்த அந்தக் கோடையில், எங்கள் வீடு முழுக்க அந்த வாடைதான். படத்தை நான் பார்க்கவில்லை, அது வேறு கதை. மூட்டையைச் சுமந்து கிடந்தவர் முருகேசன் மாமா, என் அம்மாவின் தம்பி. மீசை கறுத்துச் சில வருஷம்தான், அதற்குள் முதுகு பலகையாக இறுகி முன்னால் வளைந்து, கழுத்து நிமிராமல் போய்விட்டது. விடிந்ததும் அவரைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டும். அசையாமல் கிடந்தால் எலும்பு நேராகிவிடும் என்று நம்பிய அம்மா, கயிற்றுக் கட்டிலை விட்டு அவரை இறங்கவே விடவில்லை. கிடக்கக் கிடக்க வலி கூடியது.

சாந்தோம் கடற்கரையில் காத்தாடி ராஜாவாக இருந்தவர் அவர். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலோடு நூல் உரசி அறுக்கிற "டீல்" என்றால் மாமாதான். ஒருநாள் வெயில் சாய்கிற நேரத்தில், காத்தாடி செய்து விற்கிற காதர் பாய் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா முருகேசா, காத்து அள்ளிக்கினு போவுது, நீ படுத்துகினே கீறே? நீ பூட்டேன்னு மந்தவெளிப் பசங்க பேசிக்கினு கீறானுங்கோ!"

"தலையே தூக்க முடியல பாய். காத்தாடி எங்க கீதுன்னு எப்டிப் பாக்கறது?"

"நீ நூலப் புடி. பாக்கறத அப்பால பாத்துக்கலாம்."

"அவன் அசையக்கூடாது!" என்று அம்மா குறுக்கே பாய்ந்தாள். "முதுகு ஒடிஞ்சா நீயா வந்து கஞ்சி ஊத்துவே?"

மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்து எழுந்து கடற்கரைக்கு நடந்தேவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அம்மா பின்னால் ஓட, அம்மாவுக்குப் பின்னால் தெருவே ஓடியது.

கடல்காற்றில் காத்தாடிகள் ஊர்ப்பக்கமாய் ஏறி நின்றன. அதே பக்கம் சாயங்கால வெயில்; அண்ணாந்த பயல்கள் எல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடுமாறினார்கள். பாய் ஏற்றிக் கொடுத்த காத்தாடியின் நூல் மாமா கையில்; அவருக்குத் தெரிந்ததோ மணல் மட்டும்.

"பாய்! இங்க பாரு, மணல்ல!" என்று கத்தினார் மாமா.

காத்தாடிகளின் நிழல்கள் அவர் காலடியிலேயே நீந்திக்கொண்டிருந்தன! நூலைச் சுண்டினால் துள்ளுகிற நிழல் அவருடையது. அதை மோத வருவது மந்தவெளிக்காரனுடையது. மீதியை விரல் சொன்னது. விட்டார், விட்டார், சட்டென்று இழுத்தார். மந்தவெளிக் காத்தாடி அறுந்து மிதந்தது.

"டேய், தரையப் பாத்துகினே அறுக்கறான்டா!" என்று அலறினான் ஒரு மந்தவெளிப் பயல்.

"உடாதே முருகேசா, இன்னொண்ணு வருது பாரு!" என்று கூவியது யார் என்கிறீர்கள்? எங்கள் அம்மா!

மறுநாள், இன்று கட்டையாகக் கிடப்பான் என்று அம்மா விடியும் முன்பே உப்பை வறுத்துவிட்டாள். மூட்டையோடு வந்து பார்த்தால், மாமா சுவரைப் பிடித்துத் தானாகவே எழுந்து நிற்கிறார். அம்மா மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் காத்து வருமாடா?"

கூன் நிமிரவில்லை, கழுத்தும் கடைசிவரை நிமிரவில்லை; இரண்டு பேர் தூக்கவேண்டிய காலைகளும் வந்தன. ஆனால் கடைசிவரை நடந்தார்.

இப்போது மாஞ்சா கூடாது என்று சட்டம்; நல்லதுதான். அந்த மணலில் நிழல்கள் இல்லை, அந்த உப்பு வாடையும் போயிற்று. மாமாவின் நோய்க்கு டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், மருந்தும் இருக்கிறதாம். காலையில் மரமாக இறுகி எழுகிற பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், அவனை அப்படியே படுக்கப்போட்டு வைத்திருக்கிறவர்களிடம் எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள்.