அரிசி மூட்டையோடு வாக்கிங்

எண்பதுகளில் நானும் கணவரும் கென்யாவின் மலைக்காட்டுக்குப் போக டிக்கெட் எடுத்தோம். தங்கப்போவது காட்டைப் பாதுகாப்பவர்களே நடத்தும் ஒரு விடுதியில். ஜீப் கிடையாது, விலங்குகளை நடந்துதான் பார்க்கவேண்டும். நாங்களோ எங்கள் அமெரிக்க ஊரான பேர்லேண்டில் பக்கத்துத் தெருவுக்கே காரில் போகிறவர்கள். அதனால் கனத்துக்காக ஆளுக்கொரு அரிசி மூட்டையை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு, புது பூட்ஸோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குக் கிளம்பினோம்.

தெருமுனை தாண்டுவதற்குள் கோயிலுக்குப் போகிற ஆன்ட்டியின் கார் நின்றது.

"என்னம்மா, கார் பிரேக்டவுனா?"

"இல்ல ஆன்ட்டி, சும்மா வாக்கிங்."

"மூட்டையோடயா? வீட்ல சண்டைன்னா ஒருத்தர்தானே கோவிச்சுக்கிட்டுப் போவாங்க? நீங்க ஏன் ரெண்டு பேரும் போறீங்க?"

அடுத்து போலீஸ் கார். அப்புறம் ஒரு டாக்டர் அங்கிள். எல்லோரும் நிறுத்தி, லிஃப்ட் வேணுமா என்று கேட்டார்கள். மாலைக்குள் எங்கள் 'சண்டை' ஊரெல்லாம் பரவி, எங்களைச் சமாதானப்படுத்த மூன்று வீடுகளிலிருந்து சாப்பாடு வந்துவிட்டது!

மலைக்காட்டில் முதல் நடை. தலைக்கு மேலே கிளையெங்கும் கறுப்பு வெள்ளைக் குரங்குகள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இலையை மென்றுகொண்டே இருந்தன.

"அப்பாடா," என்று என் காதில் கிசுகிசுத்தார் கணவர். "இங்கயாவது யாரும் லிஃப்ட் வேணுமான்னு கேக்கல."

நான் சிரித்த சிரிப்பில் மரமே காலியாகிவிட்டது.