ஆயுள் முடிந்த ஸ்கேனர்

எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு, மொனராகலையில் கரும்பு வெட்டி, கொழும்பு ஹோட்டலில் கோப்பை கழுவிச் சுற்றிய எனக்கு மிஞ்சிய சொத்து ஒரு ஸ்கேனர். அடுத்தவர்கள் வாக்கி டாக்கியில் பேசுவதைக் கேட்கும் பெட்டி அது. ஹோட்டல் முதலாளி கழித்துப் போட்டதை எடுத்துக்கொண்டு மடுல்சீமையில் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அக்காவின் லயம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடு, மண்மேட்டுக்கு அடியில். மழை பிடித்தால் மண்சரிவு எச்சரிக்கை தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்கு இறங்குவதற்குள் மழையே விட்டுவிடும். பெட்டி வந்த பிறகு தோட்டத்தை நடத்தும் துரையும் அவருடைய கிளாக்கரும் பேசுவது எங்களுக்கு நேரே கேட்டது. இரண்டு தடவை முன்கூட்டியே பிள்ளைகளை மேலே இருக்கும் கோயிலுக்கு ஏற்றினோம்.

பிறகு தோட்டம் டிஜிட்டல் வாக்கி டாக்கிக்கு மாறியது. அவர்கள் பேசும் நேரமெல்லாம் பெட்டியில் பேச்சு போய் இரைச்சல் மட்டும் வந்தது.

பதுளையில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்தார்.

"பழசிலயும் புதுசிலயும் உள்ளுக்கு ஒரே சாமான்தான் தம்பி. அப்டேட் ஏத்தினா இதும் பேசும். அத பழசுக்குக் குடுக்க மாட்டானுகள்."

"ஏன் நானா?"

"குடுத்தா நீங்க புதுசு வாங்குவீங்களா?"

அவரே கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். மரியாதையாகப் பதில் வந்தது: இந்த மாடலின் ஆயுள் முடிந்துவிட்டது, புதிய மாடலைப் பரிசீலியுங்கள். பெட்டி மேசையில் இரைந்துகொண்டிருக்கும்போதே மரணச் சான்றிதழ். அந்த விதிப்படி எங்கள் லயத்தின் ஆயுள் வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அதைப்பற்றி யாரும் கடிதம் போடவில்லை.

"பேச்சு வெளங்காதுக்கா. எவ்வளவு நேரம் பேசுறாங்கன்னு மட்டும் தெரியும்" என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அது போதும்டா. நல்ல சேதிய இம்புட்டு நேரம் பேச மாட்டாங்க."

ஒரு மழைநாள் காலையில் இரைச்சல் நிற்கவே இல்லை. லயமே பாய், சட்டியோடு கோயிலுக்கு ஏறியது. வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு ஆள்கூட இல்லை. துரை குடையும் கிளாக்கருமாகக் கோயிலுக்கு வந்து கத்தினார்.

"யாரு உங்களுக்கு எச்சரிக்கை குடுத்தது?"

"நீங்கதாங்க ஐயா" என்றாள் அக்கா. "விடியக்காலையில இருந்து விடாம பேசுனீங்களே."

கிளாக்கர் வேறு பக்கம் பார்த்தார். துரை மகளின் பிறந்தநாள் கேக் பஸ் மாறி லுணுகலைக்குப் போய்விட்டதாம். அதைத் தேடித்தான் அத்தனை பேச்சு.

அன்றிலிருந்து பேச்சு நீண்டால் ஆபீசிலிருந்து வாச்சர் லயத்துக்கு ஓடிவருவார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் வேலைக்கு வாங்க!" ஆபத்து இருப்பதை நேரத்துக்குச் சொல்லாத ஆபீஸ், இல்லாததைத் தாமதமின்றிச் சொல்லப் பழகியது.

அடுத்த பெருமழையில் பெட்டி மத்தியானம் முழுக்க இரைந்தது. வாச்சரைக் காணோம். அக்கா வாசலில் நின்று பாதையையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்ல ஆளு வரலடா. அப்ப ஏதோ இருக்கு. புள்ளையத் தூக்கு."

ஏறினோம். தேத்தண்ணி நேரத்துக்கு மண்மேடு இறங்கி அக்காவின் பின்சுவரை வீட்டுக்குள் தள்ளியது. உள்ளே பெட்டி மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அதைத் தோண்டியெடுத்துக் காயவைத்தேன். பின்சுவருக்குப் பதிலாகக் கட்டிக்கொள்ள அக்காவுக்கு ஆபீசில் ஒரு தறப்பாள் கொடுத்தார்கள். அதுதான் லயத்தின் புதிய மாடல்.