கஞ்சி போட்ட சாம்பிள்

"இது உங்க துணி இல்லம்மா" என்றார் சென்னைத் துறைமுகத்து கஸ்டம்ஸ் ஆபீசர். அவர் கையில் இழை எண்ணும் சின்னக் கண்ணாடி. நாங்கள் கொடுத்திருந்த சாம்பிள் துண்டில் அங்குலத்துக்கு அறுபது இழை. கொழும்பிலிருந்து வந்த சட்டையில் அறுபத்து நான்கு.

தாராளமயம் வந்த புதிது. நகரியில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் நான் எக்ஸ்போர்ட் கிளார்க். எங்கள் துணியைக் கொழும்புக்கு அனுப்பி, சட்டையாகத் தைத்து, இங்கேயே கொண்டுவருவோம். காலரை விறைப்பாக நிறுத்தும் மெஷின் அங்கேதான் இருந்தது. போகும்போது ஷிப்பிங் பில்லோடு துணியில் ஒரு துண்டு வெட்டி, சீல் வைத்துக் கொடுக்க வேண்டும். வரும்போது சட்டையை அதோடு ஒப்பிடுவார்கள். ஒத்துப்போனால் தையல் கூலிக்கும் கப்பல் கூலிக்கும் மட்டும் டூட்டி, அதாவது சுங்க வரி. இல்லாவிட்டால் முழுச் சட்டைக்கும் டூட்டி, கூடவே பொய் டிக்ளரேஷன் கொடுத்ததாகக் கேஸ். "அதே துணிதான்" என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஓனர் முனிரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னேன். நான் அழப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நிதானமாகத்தான் பேசினார்.

"சாம்பிள கஞ்சியோட குட்த்தியா? சட்டைய கொழும்புக்காரன் தோச்சி அனுப்பிக்கிறான். தோச்சா துணி சுருங்கும், இழை நெருங்கும். நீ தறிக்காரன் பொண்ணு தானம்மா, இது தெரீலியா?"

தெரியாமல் என்ன? மூளை மட்டும் நகரியிலேயே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் கஞ்சி இல்லாத துணியை யாருக்கும் காட்ட மாட்டோம், மானக்கேடு. அந்தப் பழக்கத்தில் மொடமொடவென்று இருந்ததைக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஆபீசரிடம் திரும்பி வந்து, சாம்பிளில் பாதியை வெந்நீரில் நனைத்துப் பாருங்கள் சார் என்று கேட்டேன். சீல் வைத்ததைத் தொடக்கூடாது என்று முதலில் மறுத்தார். பிறகு அவரே சீலைப் பிரித்து, அதையும் ஃபைலில் எழுதிவிட்டு, பாதியை வெட்டினார். என் டிபன் பாக்ஸைக் கழுவி, கேன்டீனில் வெந்நீர் வாங்கி வந்தேன். துணியைப் போட்டதும் தண்ணீர் வெளுத்தது. நன்றாகக் கசக்கிப் பிழிந்து, ஃபேனுக்கடியில் காயவைத்தோம். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் திருப்பதி மலையை முட்டிபோட்டு ஏறியது போல இருந்தது.

மூன்று இடத்தில் எண்ணினார். அறுபத்து நான்கு, அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு. ஃபைலில் குறித்துக்கொண்டு பாஸ் செய்தார்.

அடுத்த முறையிலிருந்து கஞ்சியோடு ஒன்று, துவைத்தது ஒன்று என இரண்டு சாம்பிள் வைத்தேன். துவைத்ததைப் பார்த்து முனிரத்தினம் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, பழந்துணி மாரிகீது. நம்ம பேரு கெட்டுப்பூடும்."

"பேர் உங்களுதுங்க, கையெழுத்து என்னுது" என்றேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சரக்கு போகிற கோலத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அது எந்தக் கோலத்தில் திரும்பி வரும் என்று யோசித்துப் போடுங்கள்.