வைலே ஓவியரும் என் மனைவியின் நிறமும்

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை வைலே என்ற டெனிஷ் நகரத்துக்குப் போய்வந்தோம். எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு மகள் தந்த பரிசு அது: ஹெல்கா என்ற ஜெர்மன் ஓவியர் என் மனைவி மலரை நேரில் இருத்தி வரைவார். என்னை ஏன் வரையவில்லை என்று கேட்காதீர்கள். என் முகத்துக்கு ஒரு நாள் போதாது என்று மகள் நினைத்திருப்பாள்.

காலை 8.10க்கு ஹேர்னிங்கில் எங்கள் வீட்டிலிருந்து கார் எடுத்தோம். எழுபத்தைந்து கிலோமீற்றர். மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம், எனக்கு நாற்பத்தெட்டு நிமிடம். (மலர் ஒரு மணி ஐந்து நிமிடம் என்பாள். கோப்பி குடிக்க நின்றதையும் அவள் சேர்த்துவிடுவாள்.) ஹெல்காவின் வீடு ஃபியோர்டை, அதாவது நிலத்துக்குள் நீண்டு வரும் கடலை, பார்த்த மேட்டில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் கார் ஏற்ற யூலண்ட் குடாநாட்டிலேயே நாலு பேரால்தான் முடியும்.

ஹெல்காவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். ஃப்ளென்ஸ்பேர்க்கில் பிறந்து, ஒரு டெனிஷ் தச்சரைக் காதலித்து எல்லை தாண்டி வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது அங்கிருந்தவர்களை வரைந்துதான் கை திருந்தியதாம். "அவர்களுக்குத்தான் அசையாமல் இருக்க நேரம் இருந்தது" என்றார். சுவர் முழுக்க முகங்கள், ஐந்நூறாவது இருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் நம்மைத் தெரிந்தவர்கள் போலப் பார்க்கிறார்கள். புகைப்படத்தைப் பார்த்து அவர் வரைவதே இல்லை. நான் ஜெர்மனில் நலம் விசாரித்தேன். அசந்துபோய் டெனிஷில் பதில் சொன்னார்.

பத்து மணிக்கு மலர் மஞ்சள் சேலையோடு ஜன்னலோரக் கதிரையில் இருந்தாள். ஹெல்கா தட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் குழைத்தார். கறுப்பே இல்லை. நான் அரை மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. அது ஒரு சாதனை. பிறகு, ஊரில் எல்லோரும் படம் எடுக்கும் ஸ்ரூடியோக்காரரிடம் சொல்வதை நல்லெண்ணத்தோடு டெனிஷில் சொன்னேன்: "கொஞ்சம் வெள்ளையாகப் போடுங்கள்."

தூரிகை நின்றது. மலர் எழும்பிவிட்டாள்.

"காணும், இருந்தது போதும். வீட்டை போவம்."

"இஞ்சாரும், பகிடிக்குச் சொன்னனான்."

"முப்பது வருஷமாப் பகிடியே? அந்தப் படத்தைக் கொண்டு திரிஞ்ச ஆள்தானே நீங்கள்! இனி நான் ஒரு படத்துக்கும் இருக்கமாட்டன்."

என்ன நடந்தது என்று ஹெல்கா கேட்டார்.

முப்பது வருஷத்துக்கு முன் மலர் மணப்பெண்ணாக வந்திறங்கிய அன்று கஸ்ட்ரப் விமான நிலையத்தில் அவளுடைய விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தியது, நான் ரோசாப்பூவோடு அசையாமல் நின்றேன் என்று இதே பக்கத்தில் முன்பொருமுறை எழுதியிருக்கிறேன். நீங்களும் வாசித்திருப்பீர்கள். உண்மையில் விமானம் நேரத்துக்கு வந்தது. ரோசாப்பூவும் இல்லை. கலியாணப் பேச்சுக்கு அனுப்பிய படத்தில் கொழும்பு ஸ்ரூடியோக்காரர் அவளை மாவில் தோய்த்தெடுத்த மாதிரி வெளுக்க வைத்திருந்தார். அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவளுக்கு முன்னாலேயே இரண்டு தரம் கடந்து போனேன். மூன்றாம் தரம் அவளே என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். ஹெல்காவிடம் இதை ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். மலர் கதவடியில் கைப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெல்கா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தி மலரைக் காட்டினார். "இவருடைய கன்னம் என்ன நிறம்?"

"பொதுநிறம்" என்றேன். எங்கள் கலியாணத் தரகர்கள் மாநிறத்துக்கு வைத்த பெயர்.

"அது நிறம் இல்லை. பாருங்கள்."

பார்த்தேன். வெளிச்சம் பட்ட கன்னத்தில் செம்பு. தாடைக்குக் கீழே கத்தரிப்பூ ஊதா. கழுத்தில் சேலையின் மஞ்சள் ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹெல்கா குழைத்தார். மலர் மெல்ல வந்து கதிரையில் இருந்தாள்.

"சொல்லுங்கோ. ஆனா புளுகாதேங்கோ."

மத்தியானம் ஒரு மணிவரை சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: படத்துக்கு இரண்டு தரம் போய் இருக்க வேண்டும், படம் காய ஆறு கிழமை. போய்வரப் பெற்றோல் 130 குரோணர். ஓவியத்தின் விலையை மகள் சொல்லவில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். படம் இப்போது எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. பாதி என் கைவண்ணம் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

இதை வாசித்த மலர் ஒரு திருத்தம் சொன்னாள், அப்படியே போடுகிறேன்: "ரெண்டு தரம் இல்லை, மூண்டு தரம் கடந்து போனனீங்கள். நாலாந்தரம்தான் பிடிச்சனான்."